ஜீரோவுக்குக் கீழே இருந்த தண்ணீர்

1. ஈயக்குண்டு

ஏழுமலையின் கையிலிருந்து கயிறு போய்க்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கயிறு இன்னும் நிற்கவில்லையே என்று உறைத்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினேன்.

அன்று எங்கள் ஏரியில் படகுகளுக்கு வெள்ளோட்டம். காணும் பொங்கலன்று படகுத்துறை திறப்பு விழா. நடுவில் ஐந்தே நாள். நான்கு பெடல் போட், ஒரு மோட்டார் போட், எல்லாம் புத்தம் புது ஃபைபர் படகுகளாக லாரியில் வந்து இறங்கியிருந்தன. கரையில் பந்தல் கால்கூட நட்டாகிவிட்டது.

மோட்டார் போட்டை ஓட்ட வந்தவர்தான் ஏழுமலை. பனித்திட்டுக்காரர், கடலில் இருபது வருடத்துக்கு மேல் தொழில் பார்த்தவர். முதுகெலும்பில் தேய்மானம், இனிமேல் அலையில் படகு தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கடலை விட்டு, ஒரு வருடம் வேலை தேடி அலைந்து, கடைசியில் இது கிடைத்திருந்தது. வேலை உறுதியானதும் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று என்னிடம் சொன்னார்.

நான் நீர்ப்பாசன ஆபீஸில் லஸ்கர். மதகைத் திறந்து மூடுவது, கரையில் உடைப்பு இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, தினமும் தண்ணீர் மட்டத்தைப் படித்து ரிஜிஸ்டரில் எழுதுவது, இதுதான் லஸ்கர் வேலை. இருபத்தெட்டு வருடம் அந்த ஒரே ஏரி. அது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து எல்லைக்குள் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை எழுதினால் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு வம்பு. எனக்குப் பயமில்லை, ரிட்டயர் ஆனவனை யார் என்ன செய்ய முடியும்?

துறையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஏழுமலை மோட்டாரை அணைத்துவிட்டு, வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை எடுத்துக் கயிற்றில் முடிந்தார். எதற்கு என்று கேட்டேன். புதுத் தண்ணீரில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் அடி பார்த்துவிட வேண்டும், அது தங்கள் வழக்கம் என்றார். ஏரித் தண்ணீருக்கு ஈயக்குண்டா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இது கடல் இல்லையப்பா, மூன்றரை அடித் தண்ணீர், நீ இறங்கி நின்றால் இடுப்புதான் நனையும் என்று கிண்டலும் செய்தேன். அவர் குண்டை இறக்கினார்.

கயிறு ஒருவழியாக நின்றது. அதை இழுத்து இரண்டு கையையும் விரித்து அளந்தார். அப்படி விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. அது கடல்காரர்கள் கணக்கு. ஒரு தடவை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். அதற்கு மேலும் கயிறு மிச்சம் இருந்தது.

"வேணுண்ணா, மூணரை அடின்னு சொன்னியே. இது இன்னா?"

அந்த மூன்றரை அடியை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

2. கேஜ் கல்

அந்தத் தப்பு எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், இவன் ஒரு மடையன், தண்ணீரைக்கூட அளக்கத் தெரியாதவன் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். அது பாதி உண்மைதான். மீதியைக் கேளுங்கள்.

சோழர் காலத்து ஏரி என்பார்கள். கோயில் சுவரில் உள்ள கல்வெட்டில் ஏரியின் பேச்சு வருகிறதாம். ஏரிக்குள் மண் வெட்டிக் கரையில் கொட்ட அந்தக் காலத்தில் ஓடமே வைத்திருந்தார்கள் என்று படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கல்வெட்டுப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கரையைத் தினமும் மிதித்தவன் நான். எந்த மழைக்கும் அது இளகி நான் பார்த்ததில்லை. பெண்ணையாற்று அணையிலிருந்து வாய்க்கால் வழியாக வருகிற வெள்ளம் அரைவட்டமாக வளைந்த அந்தக் கரையில் மோதி, வேகம் செத்து, அமைதியாகப் படுத்துவிடும். லெவல் மிஷின் இல்லாத காலத்தில், எந்த மேட்டை விட்டு எந்தப் பள்ளத்தை வளைக்க வேண்டும் என்று யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள். அவர்களை நினைத்து எத்தனையோ நாள் கரையில் நின்று வியந்திருக்கிறேன்.

கடல் அதிக தூரம் இல்லை. சுற்றியுள்ள ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் வருடத்துக்கு வருடம் உப்பாகிக்கொண்டு வருகின்றன. ஏரி நிறைந்த வருடம் மட்டும் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும். மழை முடிந்தபின் தண்ணீர் கலங்கல் தெளிந்து, தை மாதம் பச்சை ஓடும். அப்போது பறவைகள் வந்து இறங்கும். நாமக்கோழி, நீர்க்காகம், நத்தைகொத்தி நாரை, பெயர் தெரியாத வாத்துகள். பட்டணத்திலிருந்து பெரிய பெரிய கேமராவோடு ஆட்கள் வருவார்கள். அவர்கள் சத்தம் போடாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும்.

இப்போது கேஜ் விஷயம். பெரிய மதகின் பக்கச்சுவரில் ஓர் அளவுக் கல் பதித்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கல் என்பார்கள். பிறகு அதன் பக்கத்தில் எங்கள் ஆபீஸ் அடிக்கணக்கில் பெயின்ட் அடித்தது. அதில் ஜீரோ எங்கே இருக்கிறது தெரியுமா? ஏரியின் தரையில் இல்லை. மதகின் அடிப்படிக்கல்லுக்கு நேராக இருக்கிறது. தண்ணீர் அந்தப் படிக்கு மேலே இருந்தால்தான் மதகு வழியாக வயலுக்குப் பாயும். படிக்குக் கீழே எவ்வளவு கிடந்தாலும் அது ஒரு வயலுக்கும் போகாது. அதனால் அது கணக்கிலேயே வராது. கேஜ் ஜீரோ காட்டினால் ஏரி காய்ந்துவிட்டது என்று ஊரே சொல்லும். அப்போதும் உள்ளே நாரைகள் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

விவசாயிக்கு அந்தக் கணக்குதான் சரி. எத்தனை நாளைக்குப் பாயும், எந்த மதகை எப்போது மூடலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்தோம். இருபத்தெட்டு வருடத்தில் என் கேஜ் ரிஜிஸ்டரில் ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

3. ஒரு படிவம்

மார்கழி பிறந்ததும், மழை முற்றிலும் நின்ற பிறகு, படகு விடும் திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. ஏரியின் பரப்பு, கரையின் நீளம், தண்ணீரின் நிறம், களைச்செடி உண்டா, முதலை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். முதலைக்கு நேராக "இல்லை" என்று எழுதும்போது நான் ஒரு ஸ்மைலி போடாததுதான் பாக்கி. அதற்கு அடுத்த கேள்வி, தண்ணீரின் ஆழம்.

நான் ரிஜிஸ்டரைப் புரட்டி அன்றைய கேஜைப் பார்த்து மூன்றரை அடி என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது.

எங்கள் ஜே.ஈ., அதாவது ஜூனியர் என்ஜினீயர், கலைவாணி அம்மா. உறுவையாற்றுக்காரர், விவசாயக் குடும்பம். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் தண்ணீர் அளவு என்றால் மட்டும் படிக்க மாட்டார். வேணு அண்ணா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும்! அந்தப் படிவத்திலும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்த எண்ணை வைத்துத்தான் விதிமுறை எழுதினார்கள். மழை முடிந்துவிட்டது, தண்ணீர் இனி இறங்கத்தான் செய்யும், ஏற்கெனவே மூன்றரை அடிதான். ஆகவே பெரியவர்கள் விழுந்தாலும் எழுந்து நின்றுகொள்ளலாம், லைஃப் ஜாக்கெட் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் போதும். அதன்படி சின்ன அளவு ஜாக்கெட்டுகள் மட்டும் வாங்கி அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, இதுவே அதிகம் என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது.

4. மஞ்சள் மண்

வெள்ளோட்டத்துக்குத் திரும்ப வருகிறேன்.

ஏழுமலை என்னைத் திட்டவில்லை. ஈயக்குண்டின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு படகைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி குண்டை இறக்கினார். அங்கே எட்டடி. இன்னும் தள்ளிப் போனால் ஆறடி. நடு ஏரியில் இன்னும் குறைவு. ஒவ்வோர் இடத்திலும் மண்ணைப் பார்த்தார். கடல்காரருக்கு இந்த ஏரியில் என்ன தெரியும் என்று நினைத்த என் கண்முன்னால், ஒரு மணி நேரத்துக்குள், நான் இருபத்தெட்டு வருடமாகப் பார்க்காத ஏரியை அவர் பார்த்துவிட்டார்.

"நடுவுல கறுப்புச் சேறுண்ணா, அது பழைய தரை. இங்க மஞ்ச மண்ணு வருது. இது யாரோ வெட்டுன எடம்."

யாரோ இல்லை. இரண்டு கோடைக்கு முன்னால் கரையை உயர்த்துவதற்காக அந்த இடத்தில்தான் பொக்லைன் வைத்து மண் எடுத்தோம். கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்று அந்த வேலையைப் பார்த்தவனே நான்தான். வெட்டிய பள்ளம் என் கண்ணில் இருந்தது, ஆனால் என் கணக்கில் இல்லை. ஏனென்றால் அது ஜீரோவுக்குக் கீழே இருந்த பள்ளம்.

படகுத்துறையோ அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ரோட்டிலிருந்து வர வசதி என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏறுகிறவர்கள் எல்லோரும் முதலில் அதை ஒட்டித்தான் போக வேண்டும்.

5. கயிறு கட்டும் யோசனை

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

எனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு சார்ஜ் மெமோ வந்தால் பென்ஷன் ஃபைல் அங்கேயே படுத்துவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி நாலு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அவர் முகம் என் கண்முன் வந்தது. ஆகவே கரைக்குத் திரும்பும் வழியில் ஏழுமலையிடம் ஒரு யோசனை சொன்னேன். பள்ளத்தைச் சுற்றி மிதவை போட்டுக் கயிறு கட்டிவிடலாம், அந்தப் பக்கம் யாரையும் விட வேண்டாம், நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம், ஆபீஸுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் திறப்பு விழா நிற்கும், விழா நின்றால் திட்டமே நின்றாலும் நிற்கும், உன் வேலையும் போய்விடும் என்று பயமும் காட்டினேன்.

அவர் மோட்டாரை அணைத்துவிட்டார். படகு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அவருடைய பெரிய பெண் கடலூரில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"கயிறு தண்ணிக்கு மேலதானேண்ணா இருக்கும். ஆளு கீழதானே போவான்."

அவரே மறுபடி சொன்னார்.

"நீ ஆபீஸ்ல சொல்லு. சொல்லலன்னா நான் ஓட்ட மாட்டேன். வேலை போனா போவுது, வூட்டுல சொல்லிக்கிறேன்."

குரலை உயர்த்தவில்லை, பெரிய தர்மவானாகவும் பேசவில்லை. டீ வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். என்னைவிட அதிகமாக இழக்க வேண்டியவர் அவர். எனக்குப் போனால் பென்ஷன் தாமதம், அவருக்குப் போனால் அடுப்பு. அன்றிலிருந்து இன்றுவரை அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு வேறு யார் மேலும் இல்லை.

6. ஜே.ஈ. அம்மா படகில் ஏறினார்

மதியத்துக்கு முன்பே ஆபீஸுக்குப் போய்க் கலைவாணி அம்மாவிடம் சொன்னேன். கேஜில் படித்ததைத்தான் ஆழம் என்று எழுதிவிட்டேன், மண் எடுத்த பள்ளத்தையும் மறந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. படிவத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்து, என் எழுத்தையும் தன் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையில் ஸ்கேலும் நோட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. இருவரும் அந்த ஏரியைக் கரையிலிருந்தே பார்த்து வேலை பார்த்தவர்கள். படகில் ஏறும்போது அவர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இருந்தாலும் இருட்டும் வரை இறங்கவில்லை. ஏழுமலை ஈயக்குண்டை இறக்கி அளவு சொல்லச் சொல்ல, அவர் நோட்டில் ஏரியை வரைந்து ஒவ்வோர் இடத்திலும் அடியை எழுதினார். பாகத்தை அடியாக மாற்றுவதில் ஏழுமலை எங்கள் இருவரையும்விட வேகம். நோட்டில் ஏரியின் அடிவயிறு மெல்ல மெல்ல உருவாகி வந்தது. நான் என் பயத்தை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அந்தப் படத்தோடு எங்கள் மேலதிகாரியான ஏ.ஈ. சாரிடம் போனோம். அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு சுலபமான வழி சொன்னார். எல்லோருக்கும் ஜாக்கெட் போட்டுவிடலாம், கடிதம் எதுவும் எழுத வேண்டாம், விழா நடக்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

கலைவாணி அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "சார், இந்தப் பேப்பர் ஃபைல்ல அப்படியே இருக்கும். அடுத்த வருஷம் வர்றவங்க அதைப் படிச்சிட்டு ஜாக்கெட்ட நிறுத்திடுவாங்க. தப்புன்னு எழுதித்தான் ஆகணும்."

ஏ.ஈ. சார் அவரை நம்பாமல், ஏரிப் பாசன சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டார். தட்சிணாமூர்த்தி எழுபது வயது விவசாயி, ஏரியைப் பற்றி ஒருவர் ஏதாவது சொன்னால் தன் வீட்டைப் பற்றிச் சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார். எருமை நடந்து போகிற ஏரியில் ஆளை மூழ்கடிக்கிற ஆழமாவது என்று போனிலேயே சிரித்தார். சிரிப்பு எங்களுக்கும் கேட்டது. நாங்கள் எல்லோரும் ஏரிக்குப் போனோம், அவர் கரைக்கு வந்தும் அதையே சொன்னார். அவர் சொன்னதும் பொய்யில்லை. கோடையில் எருமை நடந்ததைப் பார்த்தவர்தான், ஆனால் பள்ளம் வெட்டுவதற்கு முன்னால்.

ஏழுமலை பந்தலுக்கு வாங்கிப் போட்டிருந்த மூங்கில்களில் நீளமானதாக ஒன்றை எடுத்துக்கொண்டு அவரைப் படகில் ஏற்றினார். பள்ளத்துக்கு மேலே நிறுத்தி மூங்கிலை அவர் கையில் கொடுத்தார். தட்சிணாமூர்த்தி சிரித்துக்கொண்டே குத்தினார். மூங்கில் போனது. கையைத் தாழ்த்தினார். மேலும் போனது. படகு விளிம்பில் குனிந்து, சட்டைக் கை நனைகிற வரை இறக்கிய பிறகுதான் அடி தட்டியது. மூங்கிலை மேலே எடுத்து, ஈரம் ஏறிய இடத்தைத் தன் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

கரையில் இறங்கி ஏ.ஈ. சாரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தேதிய மாத்துங்க சார்."

7. மெமோ

விழா தள்ளிப்போனது. கலைவாணி அம்மா கடிதம் எழுதினார். என் தவறு என்று எழுதுவார் என்று காத்திருந்தேன். ஆழம் என்ற இடத்தில் கேஜ் அளவு எழுதப்பட்டுவிட்டது, அதைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது தன் தவறு என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். என் பெயர் மூன்றாவது பத்தியில் வந்தது, அதுவும் தவறைத் தானே முன்வந்து தெரிவித்தவர் என்று. நான் முன்வரவில்லை, ஏழுமலை தள்ளிவிட்டுத்தான் வந்தேன் என்று அவரிடம் சொன்னேன். அதையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருவருக்கும் மெமோ வந்தது. இருவரும் எக்ஸ்பிளனேஷன் எழுதினோம். நான் சுற்றி வளைக்காமல், அளவு சரி, எழுதிய இடம் தப்பு, மன்னிக்கவும் என்று எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். இத்தனை பயமும் இதற்குத்தானா என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது.

தை கடைசி ஞாயிறு படகுத்துறை திறந்தது. எல்லா வயதுக்கும் ஜாக்கெட் வந்தது. பள்ளத்தைச் சுற்றி மிதவையும் போட்டோம். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கலைவாணி அம்மாவின் படத்தைப் பெரிதாக வரைந்து மாட்டினார்கள். ஏழுமலைதான் படகு ஓட்டினார். ஏழுமலை சொல்லி, என் ரிஜிஸ்டரில் ஒரு கோடு கிழித்து, கேஜுக்குப் பக்கத்தில் பள்ளத்தின் ஆழத்தையும் வாரம் ஒரு முறை எழுத ஆரம்பித்தேன்.

ஜாக்கெட் போடச் சொன்னதற்குத்தான் தினமும் சண்டை. நம்ம ஊர் ஏரிக்கு இதெல்லாமா என்பார்கள், போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்பார்கள். ஏழுமலை எல்லோரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டே பக்கிளை இறுக்கிவிடுவார். இறுக்காமல் படகின் கயிற்றை அவிழ்க்க மாட்டார்.

8. பங்குனியில் ஒரு ஞாயிறு

ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது நடந்தது இது. மதகு திறந்து தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. அன்று கேஜ் ஒன்றரை அடி. சாயங்காலம், கடற்காற்று எழுந்த நேரம். நான் துறையில் நின்றிருந்தேன்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், அவர் கரையில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் நாலு வயதுப் பெண் குழந்தையும் மட்டும் பெடல் போட்டில் ஏறினார்கள். குழந்தை ஜாக்கெட்டை ஆசையாகப் போட்டுக்கொண்டது. அப்பா முரண்டு பிடித்தார். இந்தக் குட்டைக்கு எனக்கு எதுக்குய்யா இது, முழங்கால் தண்ணிகூட இருக்காதே என்றார். ஏழுமலை சிரித்துக்கொண்டே பக்கிளை இறுக்கினார்.

காற்று படகை மிதவைகளுக்கு அந்தப் பக்கம் தள்ளியது. ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு மோட்டார் போட்டைக் கிளப்பினார். அதற்குள் குழந்தையின் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது. அப்பா எழுந்து நின்று எட்டினார். படகு சாய்ந்தது. அவர் விழுந்தார்.

தலை உள்ளே போனது. நான் எண்ணவில்லை, ஆனால் அது சின்ன நேரமாகத் தோன்றவில்லை. பிறகு ஜாக்கெட் அவரை மேலே கொண்டுவந்தது. இருமிக்கொண்டு, கையை அடித்துக்கொண்டு மிதந்தார். ஏழுமலை போய்ச் சேர்ந்து ஜாக்கெட்டின் தோள் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே போட்டார். முதுகுத் தேய்மானக்காரர்!

குழந்தை இருந்த பெடல் போட்டையும் கயிறு கட்டி இழுத்து வந்தார். அப்பாவைக் கரையில் உட்கார வைத்தோம். ஏழுமலையைப் பார்த்துச் சொன்னார்: "கால் தரையில படவே இல்லீங்க."

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே பாடம்தான் இருக்கிறது. நீங்கள் எழுதுகிற எண் உங்கள் வேலைக்குச் சரியாக இருக்கலாம். அதை உங்களுக்குத் தெரியாத யாரோ, வேறு எதற்காகவோ படிப்பார்கள். அவர்கள் எங்கே நின்றுகொண்டு படிக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது இறங்கிப் பாருங்கள். நான் இருபத்தெட்டு வருடம் இறங்கவில்லை.

அந்தக் குழந்தை பயப்படவே இல்லை. அப்பா முழுகி எழுந்ததை வேடிக்கை என்று நினைத்து, ஆடிக்கொண்டிருந்த படகில் தனியாக உட்கார்ந்தபடி கை தட்டிக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்த மூன்றரை அடியின்படி, அந்தப் படகில் அன்று ஜாக்கெட் போட்டிருந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.